விதியில் வெள்ளம் இல்லை

ஜனவரி 20, செவ்வாய்

காலை முதல் தூறல். கல்லடிப் பாலத்தில் நெரிசல், அலுவலகத்துக்குப் பிந்திவிட்டேன். பல்கலைக்கழக வாயிலில் பந்தல். மாணவர் ஆறு பேர் உண்ணாவிரதம்.

காவலர்: "மெம்பர், பின் கேற்றால வாங்க. இஞ்ச சனம்."

நான் உறுப்பினராக இருந்த மாகாண சபை கலைந்து எவ்வளவோ காலம். நிர்வாகப் பணிப்பாளர் என்று அழைக்கும்படி முன்னரும் சொல்லியிருக்கிறேன்.

கோரிக்கை ஒன்றே. டிசெம்பர் வெள்ளத்தில் கிரான் வீதி மூடப்பட்டதால், அதற்கு அப்பாலுள்ள ஊர்ப் பிள்ளைகள் பரீட்சைக்கு வரவில்லை. மீண்டும் எழுதினால் அது மறுமுறைத் தோற்றுதல். எவ்வளவு நன்றாக எழுதினாலும் சாதாரண சித்திக்கு, அதாவது வெறும் தேர்ச்சிக்கு, மேல் கிடையாது. முதல் தோற்றுதலாக ஏற்க வேண்டுமாம்.

விதியைப் பார்த்தேன். ஏற்கத்தக்க காரணங்கள்: சுகவீனம், நெருங்கிய உறவினர் மரணம், நீதிமன்ற அழைப்பு. வெள்ளம் இல்லை. பல்கலைக்கழக மூதவை (செனட்) கூடித்தான் சேர்க்கலாம். என்னால் சேர்க்க இயலாது.

பீடாதிபதி (டீன்): "இப்ப இரங்கினா, அடுத்தமுறை முழங்கால் தண்ணிக்கும் பந்தல் போடுவானுகள்."

வீட்டில் மனைவி: "முந்தியெண்டா நீங்கதான் அந்தப் பந்தலுக்குக் கயிறு கட்டியிருப்பீங்க."



ஜனவரி 21, புதன்

மழை இல்லை. பிரஷர் குளிசை முடிந்தது, வாங்க வேண்டும். நூலகக் கூரைத் திருத்தம்: கையொப்பமிட்டேன்.

உண்ணாவிரதம் இருக்கும் மாணவி திலகா மயங்கி விழுந்தாள். சேலைன் ஏற்ற மறுக்கிறாள். நாளைக்கு மேல் விட வேண்டாம் என்கிறார் மருத்துவர்.

சபையில் இருந்த காலத்தில் சில உண்ணாவிரதங்களை முடித்துவைத்தவன் நான். பெரிய மனிதர் ஒருவர், ஒரு வாக்குறுதி, ஓர் இளநீர், ஒரு படம். எவருக்கும் தோல்வி இல்லை. செவ்விளநீர் வாங்குவித்து, நானே பந்தலுக்குக் கொண்டுபோனேன்.

"மகள், நான் கவனிக்கிறன். இதைக் குடிங்க."

பின்னாலிருந்து ஒருவன்: "மெம்பர், கமராக்காரன மறந்திட்டு வந்திட்டீங்க!" சிரிப்பு.

திலகா சிரிக்கவில்லை. "சேர், கிரானில பாலம் கேட்டு எங்கட அப்பாவும் இப்பிடித்தான் இருந்தவர். இளநி குடுத்து எழுப்பினது நீங்கதான். அந்தப் பாலம் வந்திருந்தா நான் பரீட்சை எழுதியிருப்பன்."

தகப்பனின் முகம் நினைவில்லை. அறிக்கை அனுப்பினேன், நிதி வரவில்லை, பிறகு சபையே இல்லை. அனைத்தும் உண்மை. அவற்றை விட்டுவிட்டுக் கேட்டேன்:

"அப்ப என்ன வேணும், பிள்ளை?"

"எழுத்தில வேணும், சேர்."

இளநீரைத் திரும்பக் கொண்டுவந்தேன். வாகனத்தில் சரிந்து காற்சட்டையெல்லாம் கறை. நாளைக்கே மூதவையை அவசரமாகக் கூட்டும்படி உபவேந்தரிடம் கேட்டேன். சம்மதித்தார்.

ஜனவரி 22, வியாழன்

காலை மூதவை. எனக்கு வாக்கு இல்லை. வரைவு மட்டும் என்னுடையது. "வெள்ளத்தால் பாதை துண்டிக்கப்பட்டமை, பிரதேச செயலாளரின் சான்றுடன்." பீடாதிபதி கடும் எதிர்ப்பு. மற்றவர்கள் தயக்கம். எழுந்து, "இம்முறை மட்டும்" என்று சேர்க்கலாமா எனக் கேட்டேன். எல்லோர் முகத்திலும் நிம்மதி. நிறைவேறியது. இத்தகைய இணக்கம் காண்பதில் எனக்கு நீண்ட பழக்கம்.

பந்தலில் தீர்மானத்தை வாசித்தேன். கைதட்டல், விசில். திலகா தாளைக் கேட்டு வாங்கினாள். படுத்தபடியே, விரலை வரியில் வைத்து, தானே வாசித்தாள்.

"இம்முறை மட்டும் எண்டு இரிக்கே, சேர்."

"ஓம். ஆனா உங்களுக்குக் கிடைச்சிட்டுதே."

"என்ட தங்கச்சி இந்த வருஷம் கம்பஸுக்கு வாறாள். வாற மாரிக்கு அவளும் இந்தப் பந்தலுக்க வந்து படுக்கிறதா?"

கைதட்டல் நின்றது. மருத்துவர் நீட்டிய தண்ணீரை அவள் கையால் விலக்கினாள். மருத்துவர் என்னைப் பார்த்தார்.

அலுவலகம் வந்தேன். வரைவில் அந்த இரு சொற்களையும் வெட்டித் தட்டச்சுக்குக் கொடுத்தேன். மூதவை இன்றே மீண்டும் கூட வேண்டும். ஒரே நாளில் மறுபடி கூட்டுவதற்கு மூதவை உறுப்பினர் இருவரின் எழுத்துக் கோரிக்கை தேவை. எதிர்த்தவரே கோரினால் பிறகு ஒருவரும் மறுக்க மாட்டார்கள். யன்னலால் பார்க்கிறேன். பீடாதிபதியின் கார் இன்னும் புறப்படவில்லை. அவரிடம் கையொப்பம் கேட்க இறங்கிப் போகிறேன்.