நாலாம் நாள் துவைத்த கைலி

காரைக்கால்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நௌஷினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் வாப்பாவும் அல்லாஹ் கிருபையால் சுகம். போர்னியோ காட்டில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் உராங்குட்டான் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். காட்டுக்குள் போன் எடுக்காத புண்ணியத்தில் இந்த எட்டு மாதத்தில் எனக்குக் கையெழுத்தே திருந்திவிட்டது, பார்த்தாயா?

இங்கே மழை பிடித்துக்கொண்டது. வாப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் லேசில் திரும்புவதில்லை. எல்லாம் உன் புராணம்தான். நம் தெருவில் வெளிநாட்டுச் சபர் போய்ச் சம்பாதிக்காத வீடு கிடையாது, ஆனால் சம்பளமில்லாமல் சபர் போன முதல் ஆள் நீதான். நஜீபா மாமிக்கு அது இன்னும் பிடிபடவில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்டாள். குரங்கைக் காட்டுக்கு அனுப்பும் கம்பெனி என்றேன். ஏன், குரங்குக்குத் தானாகப் போகத் தெரியாதா என்றாள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

நீ எழுதிய பிறகுதான் விளங்குகிறது. தாய் ஏழெட்டு வருஷம் கூடவே இருந்து எந்தப் பழம் தின்னலாம், எந்தக் கிளை தாங்கும் என்று காட்டிக்கொடுக்க வேண்டுமாமே! தினம் சாயங்காலம் புதுசாகவா படுக்கை கட்டும்? கிளையை முதலில் மடக்குமா, இலையை முதலில் பரப்புமா? மழைக்கு இலையைத் தலையில் பிடித்துக்கொள்ளும் என்றாயே, ஒற்றை இலையா, கொத்தாகவா? தாயில்லாத பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நீங்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு, பேசாமல் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு அதிசயம். அதுவும் நீ, வாயே திறக்காமல்! அல்லாஹ் பெரியவன்.

உன் செல்லக் குட்டி பிச்சையின் விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சலில் அவன் தங்கமாட்டான் என்று எல்லோரும் கைவிட்டபோது நீ வாப்பாவின் பெயரை வைத்தாய். முன்னால் பிறந்த இரண்டும் தங்காமல் போய்த்தானே உன் வாப்பாவுக்கும் அல்லா பிச்சை என்று வைத்தார்கள். குரங்குக்கா வாப்பா பெயர் என்று நான் கோபித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, பெயர் வேலை செய்திருக்கிறதே என்றார்.

நீ கூண்டை விட்டு வந்ததும் அவன் கத்துகிறான், தூங்குவதே இல்லை என்று முன்பு எழுதியிருந்தாய். சபர் போகிறவர் கட்டிய கைலியைத் துவைக்காமல் வீட்டில் விட்டுப்போவார், பிள்ளை அதை அணைத்துக்கொண்டு தூங்கிவிடும் என்று நான்தான் உனக்கு யோசனை சொன்னேன். நீயும் பெரிய டாக்டரைக் கேட்காமல் உன் பழைய துப்பட்டாவைக் கொடுத்துவிட்டாய். இப்போது அவன் மரம் ஏறுவதில்லை, படுக்கை கட்டுவதில்லை, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கதவையே பார்த்து உட்கார்ந்திருக்கிறான் என்கிறாய். காட்டுக்கு அனுப்பும் பட்டியலில் இருந்தும் எடுத்துவிட்டார்களாம். இரண்டு மாதத்தில் மாறாவிட்டால் ஆயுசுக்கும் கூண்டுதானாமே. தப்பு உன்னுடையது இல்லை மகளே. நான் உனக்குப் பாதியைத்தான் சொன்னேன்.

மீதியைக் கேள். உனக்கு இரண்டு வயது. லீவு முடிந்து வாப்பா துபாய் போனதும் அவர் கைலியைப் போர்த்திக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். சோறு வேண்டாம், விளையாட்டு வேண்டாம். ஆட்டோ சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாய். என்னால் பார்க்க முடியவில்லை. நாலாம் நாள் அதை எடுத்துச் சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்துவிட்டேன். காய்ந்ததும் கொடுத்தேன். மோந்து பார்த்தாய், மறுபடியும் மோந்து பார்த்தாய், தூக்கி எறிந்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதாய். அப்புறம் சோறு கேட்டாய்.

இரண்டு வருஷம் கழித்து அவர் வந்து நின்றபோது என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “இந்த மாமா எப்ப போவாங்க?” என்று கேட்டாய். அவர் வாங்கி வந்த பொம்மையைத் தரையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். சின்னப் பிள்ளைதானே, மறந்துவிட்டது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். கைலியைத் துவைத்ததை நான் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே. எப்போதும்போல் அனுப்பச் சொல்லி அவரிடம் கொடுக்காமல், இந்தக் கடிதத்தை மட்டும் நானே படம் எடுத்து உங்கள் ஆபீசுக்கு அனுப்புகிறேன்.

பெரிய டாக்டரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல். துப்பட்டாவை வேறு யாராவது எடுத்துத் துவைக்கட்டும். நீ அவன் கண்ணில் படாதே, தூரத்தில் நின்று எட்டிப் பார்க்கவும் செய்யாதே. அவன் அழுவான், நாலு நாளோ நாற்பது நாளோ. அவனிடமிருந்து பிரித்துவிட்டால் அவன் முகம் பார்க்காமல் அங்கே இருக்க முடியாது, ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. உன்னை எதிர்பார்த்து அங்கே வேறு பிள்ளைகளும் இருக்கின்றன.

ஒருநாள் அவன் உச்சிக்கிளையில் படுக்கை கட்டிக்கொண்டு, கீழே நடந்து போகும் உன்னை யாரோ போகிறார்கள் என்று பார்ப்பான். அந்த நேரம் உன் நெஞ்சுக்கு எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. இத்தனை வருஷமாக எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருக்கிறது. உன் வாப்பாவிடம் எப்படிக் கேட்பேன்?

அல்லாஹ் பிச்சைக்கு அந்தக் காட்டை லேசாக்கி வைப்பானாக. உன் மனசை ஆற்றுவானாக. மறக்க வைத்தவளை மன்னிப்பானாக.

உன் உம்மா,
கமர் நிஷா