தூங்கக் கூடாது என்று எழுதியவள்

ஜனவரி, நடுமாத ஐட்ஸ் நாள்

தங்கச்சி சிட்டு, நீ செத்ததற்கான ஒன்பதாம் நாள் சாப்பாடு உன் கல்லறையில் நேற்று முடிந்தது. முட்டை, பருப்பு, உப்பு. யாருக்கும் இறங்கவில்லை. இன்று மறுபடி சலவைத் தொட்டியில் இறங்கி ஊரார் துணியை மிதித்தேன். வெளுப்பதற்காகத் தெருமுனை ஜாடிகளில் பிடித்து வந்த மூத்திரம் நன்றாகப் புளித்திருந்தது, அழுக்கு சீக்கிரம் விட்டது. கண் எரிந்தது. அதற்கு அழுகை என்று யாரும் பெயர் வைக்க மாட்டார்கள், அது ஒரு வசதி.

சாயங்காலம் உன் புருஷன் ஒனேசிமுஸ் உன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சாவு வீட்டுத் துணி, அக்கா. வெளுத்துக் குடுத்துடுங்க."

அடியில் என் மேலாடை இருந்தது. குங்குமப்பூச் சாயக் கரை போட்டது. குளியல் மண்டபத்தில் திருட்டுப் போனது.

மறுநாள்

தூங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள்

துணியில் குறி போடக் கற்றுக்கொண்ட எழுத்து என்னுடையது. பெரிய விஷயம் எழுத வராது. ஆனாலும் மெழுகுப் பலகையில் எழுதிவிடுகிறேன். வாயால் யாரிடம் சொல்ல?

அந்த மேலாடையை நீ முதலில் கேட்டாய். ஒனேசிமுஸின் சொந்தத்தில் கல்யாணம் என்று. "உன் கைல குடுத்தா எண்ணெயும் கையுமா வரும், போடி" என்றேன். அன்றைக்கே குளியலில் நான் வெந்நீர் அறைக்குள் இருந்தபோது துணி வைக்கும் மாடத்திலிருந்து நீ எடுத்திருக்கிறாய். காலையில் வைத்துவிடலாம் என்றுதானே? கரையில் விளக்கு சுட்ட ஓட்டை ஒன்று. அதைத் தைத்திருக்கிறாய், நிறம் சேராத நூலில். இதற்குத்தான் பயந்தாயா?

நான் வெளியே வந்து போட்ட கூச்சல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அப்புறம் நீ எப்படிக் கொண்டுவந்து தருவாய்.

ஜனவரி, மாதக் கடைசி

இதையும் எழுத வேண்டும்.

குளியல் வாசலில் ஒருவன் சாபம் எழுத ஈயத்தகடு விற்கிறான். மேலாடை போனதும், அவன் சொல்லச் சொல்ல நானே கீறினேன். என் துணியை எடுத்தவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ, திருப்பித் தரும்வரை தின்னக் கூடாது, தூங்கக் கூடாது. அவன் அதோடு நிறுத்தினான். "செத்தாலும் தூங்கக் கூடாது" என்பது நானாகச் சேர்த்தது.

நீ பக்கத்தில் இருந்தாய். தகட்டை மடித்து ஆணி அடிக்கும்போது நீதான் பிடித்துக்கொண்டாய். "அக்கா, தூக்கத்த மட்டும் விட்டுடேன். பாவம்" என்றாய்.

"திருடிக்கு என்னடி பாவம்?"

நீ சிரித்தாய். சிரித்தாயா?

டிசம்பர் பண்டிகை நாட்களில் நீ சாப்பிடவில்லை. "தூக்கம் வரலக்கா." நான் முட்டைக்கோஸ் வேகவைத்துக் கொடுத்தேன், எல்லா நோய்க்கும் நம் வீட்டில் அதுதானே. கடைசியில் "பெட்டி, பெட்டி" என்றாய். "பெட்டி எங்கயும் போகாது, நீ தூங்குடி" என்றேன். நான் சொன்னேன், தூங்கு என்று! வழக்கப்படி உன் கடைசி மூச்சை என் வாயில்தான் வாங்கினேன். முட்டைக்கோஸ் வாசம் அடித்தது. இன்னும் போகவில்லை.

பிப்ரவரி ஐந்து, நோன்ஸ் நாள்

சாபத்தை எப்படி எடுப்பது என்று தகடு விற்பவனிடம் கேட்டேன். கேலி செய்தான். "என்ன, புருஷனையே கட்டிப் போட்டுட்டியா?" அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "தகட்டக் கொண்டா. ஆணிய உருவு. எழுத்த அழி. வேற வழி கிடையாது."

தகடு நகர வாசலுக்கு வெளியே இருக்கிறது, கல்லறைச் சாலையில். அகாலத்தில் செத்தவர்கள்தான் இப்படிப்பட்ட செய்தியைக் கீழே பாதாளத்துக்குக் கொண்டுபோவார்கள் என்பார்கள். அதனால் முன்பின் தெரியாத ஒரு பையனின் கல்லறையில், செத்தவருக்கு மது ஊற்றும் மண்குழாயில் போட்டேன். கல்லில் ஹிலாருஸ் என்று இருந்தது. ஏழு வயது.

பிப்ரவரி, ஐட்ஸ் நாள். முன்னோர் நாட்கள் தொடக்கம்

ஊரே கல்லறைச் சாலையில். மதுவில் நனைத்த ரொட்டி, வயலட் பூ, உப்பு. இந்தக் கூட்டத்தில் குழாயில் கை விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று வளைத்த கம்பியோடு போனேன்.

ஹிலாருஸின் அம்மா உட்கார்ந்திருந்தாள். ரூஃபில்லா என்று பெயர். மீன் காயவைக்கிற கை.

குழாயில் ஊற்றினாள். மது இறங்கவில்லை. விளிம்பு வரை நின்று வழிந்தது.

"பாத்தியாம்மா? டிசம்பர் குளிர்ல ஒரு நாள் வந்தேன், அன்னைக்கும் இப்படித்தான். எம்புள்ள குடிக்க மாட்டேங்கிறான். சாகும்போது தண்ணி கேட்டான், வைத்தியன் குடுக்காதன்னான், குடுக்கல. அந்தக் கோவம்."

அடைத்திருந்தது என் தகடு. "இல்லம்மா" என்று மட்டும் வந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள்

போகவில்லை. கோழை.

இன்னொரு நாள்

ஒரு தகட்டில் இரண்டு பேரைக் கொன்றேன். ஒருத்தி உயிரோடு அந்தச் சாலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

முன்னோர் நாட்களின் கடைசி நாள்

ரூஃபில்லாவிடம் சொல்லிவிட்டேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஓங்கி அறைந்தாள். "எம்புள்ளய ஒஞ் சாபத்துக்குப் பொதி கழுதையாக்கினியாடி? அவன் செருப்பையே அவனால சுமக்க முடியாது!"

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் முட்டி போட்டுக் குழாயில் கம்பியை விட்டேன். தகடு மாட்டாமல் நழுவி நழுவிப் போனது. "தள்ளு, மீன் செவுள்ல தூண்டி எடுத்த கை இது" என்று அவளே வாங்கிக்கொண்டாள். வந்தது. மதுவில் ஊறிக் கறுத்து.

தகட்டை என் பக்கம் எறிந்துவிட்டு அவள் மதுவை ஊற்றினாள். மடக் மடக்கென்று இறங்கியது. குழாயில் காதை வைத்துக்கொண்டே இருந்தாள். "குடிக்கிறான்" என்றாள். "எவ்வளவு தாகம் பாரேன்."

நான் ஆணியை உருவினேன். கல்லில் தேய்த்து எழுத்தை அழித்தேன். நானாகச் சேர்த்த வரிதான் ஆழமாக இருந்தது, அது போக நேரமாயிற்று.

எழுந்தபோது அவள் ஜாடியை நீட்டினாள். மிச்சம் கொஞ்சம் இருந்தது. "இத ஒன் ஆளுக்கு ஊத்து. இந்தப் பக்கம் இனி வராத."

உன் குழாயில் ஊற்றினேன். சத்தமே இல்லாமல் இறங்கியது.

மறுநாள். உறவு விருந்து

உயிரோடு இருக்கும் உறவுகள் கூடிச் சாப்பிடும் நாள். உறவுக்குத் தீங்கு செய்தவர்கள் வரக் கூடாது. அதனால் ஒனேசிமுஸ் வீட்டு வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் உள்ளே போனான். கதவை மூடிவிடுவான் என்று நினைத்தேன். ரொட்டியோடு வந்து, பிட்டு, பாதியை என் கையில் வைத்தான்.

"உள்ள வாங்க" என்று சொல்லவில்லை. கதவையும் மூடவில்லை.

நின்றபடியே தின்றேன்.

மேலாடையை வெளுக்கவில்லை. போர்த்திக்கொண்டு படுக்கிறேன். நீ தைத்த இடம் முடிச்சு முடிச்சாகக் கன்னத்தில் உறுத்துகிறது. உறுத்தட்டும்.

சிட்டு, ஆணியை எடுத்துவிட்டேன்டி. இப்பவாவது தூக்கம் வருதா?