தறி நின்ற வீட்டில் பொரி தூங்கவில்லை

என் அருமை அண்ணா,

நீ போய் இருபத்துநாலு நாளாகிறது. எழுதணும் எழுதணும் என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அழுத அலுப்பு கொஞ்சம்தான். வந்து போனவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்த அலுப்பு அதைவிட அதிகம். ஆனால் இன்றைக்கு எழுதியே ஆகணும். உன் நாய் பொரி விஷயத்தில் நான் செய்த தப்பை வேறு யாரிடம் சொல்வது?

ஊர் உன்னை எப்படியெல்லாம் கிண்டல் செய்தது! சிறப்புப் பள்ளிக்கூடத்து வேன் டிரைவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் பிடித்து மெட்ராஸ் போய், அந்தக் குழந்தைகளுக்குத் துணையாக நாயைப் பழக்கக் கற்றுக்கொண்டு வருகிறான் என்று சின்ன காஞ்சிபுரம் முழுக்கச் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். "கடிக்காம இருக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. மனிதர்களிடம் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பொரியிடம் நீ குரலை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை.

என் தறிக்குப் பக்கத்திலேயே அதைப் படுக்க வைத்துப் பழக்கினாய். நாள் முழுக்கத் தறியில் நாடா இங்கும் அங்கும் ஓடி அடிக்கிற சத்தத்தில் தூங்குகிற நாய், எந்தக் குழந்தை எப்படிக் கத்தினாலும் மிரளாது என்றாய். அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வசந்தி என்கிற எட்டு வயதுப் பெண்ணின் கை எப்போதும் இறுக மூடியே இருக்கும். பொரியின் முதுகில் வைத்தால் மட்டும் மெல்ல விரியும். அவள் அம்மா அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். டீச்சரும் அதையேதான் பார்ப்பார். நீ மட்டும் நாயின் காதையும் வாயையும் பார்த்துக்கொண்டிருப்பாய். அது ஒரு கொட்டாவி விட்டால் போதும், "இன்னிக்கு இவ்ளோதாம்மா" என்று எழுந்துவிடுவாய். யார் கெஞ்சினாலும் கேட்கமாட்டாய். கல்நெஞ்சன் என்று நினைத்திருக்கிறேன், மன்னித்துவிடு.

ஏன் இப்படிப் பாதியில் எழுந்துவிடுகிறாய் என்று ஒருநாள் உன்னிடமே கேட்டேன். "எல்லாரும் கொழந்தயத்தான் பாத்துக்கினு இருக்காங்க கமலா. நாயப் பாக்கறதுக்கு ஒரு ஆளு வேணாவா? அதுக்குத்தான் நானு" என்றாய்.

நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. கருமாதி முடியும்வரை பதினாறு நாள், வழக்கப்படி தறியை நான் தொடவில்லை. பதினேழாம் நாள் வசந்தியின் அம்மா வந்து நின்றாள். "கை திரும்ப மூடிக்கிச்சிக்கா. ஒரே ஒரு வாட்டி இட்டுக்கினு வாயேன்" என்று அழுதாள். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. பொரியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பொரி கொட்டாவி விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. நானோ வசந்தியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணா. இரண்டு விரல் விரிந்துவிட்டது. மூன்றாவதுக்காகக் காத்திருந்தபோது பொரி பல்லைக் காட்டி உறுமியது. கடிக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தை அலறிய அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து பொரியைக் கண்டபடி திட்டினேன். எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்றார்கள் பக்கத்து வீட்டில். மறுநாள் மனசு வெறுத்துப்போய்த் தறியில் உட்கார்ந்தேன். நாடா நாலு தரம் ஓடியிருக்காது, பொரி தள்ளாடிக்கொண்டு வந்து பக்கத்தில் பொத்தென்று விழுந்தது. சாயங்காலம் வரை அசையவில்லை. பயந்துபோய் மூக்கில் கைவைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக வந்தது. தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பகலில் தறிச் சத்தத்திலும் ராத்திரியில் உன் காலடியிலும் தூங்கிய நாய் அது. பதினாறு நாளாக வீட்டில் தறியும் ஓடவில்லை, நீயும் இல்லை. வேன் வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறது. துக்கம் கேட்க வந்த அத்தனை பேருக்கும் பாய் விரித்தவள், கூடவே இருந்த ஜீவன் கண்ணை மூடவில்லை என்று கவனிக்கவில்லை. உனக்கு முதல் நாளே தெரிந்திருக்கும், இல்லையா?

நேற்று எதிர்வீட்டுப் போனுக்கு டீச்சர் கூப்பிட்டார். வசந்தி பயம் தெளிந்து பொரியைத் தேடுகிறாளாம். "நாளைக்கு வர்றீங்களாம்மா?" என்றார்.

"அவனுக்கு இன்னும் அசதி தீரல டீச்சர். நாளைக்கு வேணாம். அடுத்த வாரம் அவன் மூஞ்சியப் பாத்துட்டுதான் சொல்லுவேன்."

பக்கத்தில் வசந்தியின் அம்மா இருந்திருக்க வேண்டும். விசும்பல் கேட்டது. ஆனாலும் போனை வைத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்வது இவ்வளவு வலிக்கும் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லையே, ஏன் அண்ணா?

பொரியை யாரிடமும் விடமாட்டேன். அது தேறி எழுந்தால் மறுபடி பள்ளிக்கூடம் போவோம். வசந்தியின் ஐந்து விரலும் விரிகிற நாள் ஒன்று வரும். எல்லோரும் கூடி நின்று பார்ப்பார்கள். அன்றைக்கு நான் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன். பொரியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இது சத்தியம்.

உன்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்த
உன் தங்கை,
கமலா