காற்று வந்ததும் நீ போய்விட்டாய்

அன்புள்ள கோபக்காரிக்கு,

நீ நலமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

இந்த மலை உச்சியில் காற்று மெலிசு. ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கும். வானம் கைக்கெட்டும் தூரத்தில், கறுப்பு கலந்த நீலமாக இருக்கும். காலுக்குக் கீழே தரை இருப்பதே மறந்துபோகும்.

முந்தாநாள் ஒரு வேடிக்கை. சுரங்கப்பாதை வாசலில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "சாப்பிட்டியா?" என்றாய். நானும் பேசிக்கொண்டிருந்தேன். வெல்டர் அண்ணன் பார்த்துவிட்டார்.

"யார்கூடடா பேசுற?"

"வீட்டுல வந்திருக்காங்கண்ணே."

"லீவு தரமாட்டாங்கன்னு அவங்களையே வரவெச்சுட்டியா?" என்று சிரித்தவர், என் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்ததும் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இன்ஜினியர்கள் அறைக்கு ஓடினார்.

அந்த அறையில் சுவர் வழியாக ஆக்சிஜன் வருகிறது, அவர்கள் தூங்கும்போதுகூட. எங்கள் ஷெட்டில் இருப்பது ஒரே சிலிண்டர், அதுவும் காலி. மலையைக் குடைவது நாங்கள், மூச்சு மட்டும் அவர்களுக்கு. அந்தக் காற்றை இழுக்க இழுக்கத் தலை தெளிந்தது. நீ போய்விட்டாய். எனக்கு அழுகை வந்தது.

அங்கிருந்த டாக்டர் சொன்னார், இனி இப்படி ஏதாவது கண்ணுக்குத் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டுமாம், கீழே இறக்கிவிடுவார்களாம். மறைத்தால் ஆபத்தாம். டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள். ஆனால் நீ வந்தால் உன்னை எப்படிக் காட்டிக்கொடுப்பேன்?

அதனால் நான் கேட்டிருந்த கம்பளி சாக்ஸோடு உன் போட்டோ ஒன்றும் அனுப்பு. அது சட்டைப்பையில் இருந்தால் நீ என்னோடுதான் இருக்கிறாய், அப்புறம் நீயே எதிரில் வந்து நின்றாலும் நம்பாமல் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவேன்.

தபால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். சீக்கிரம் அனுப்பு.

உன்னவன்