எப்படி என்ற கட்டம்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, நம் வாசற்படியை விட்டு நகர மறுக்கும் பக்கத்து வீட்டுப் பூனை, மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியம் அறிய ஆவல் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போவதுதான் வழக்கம், ஆனால் இந்தத் தடவை அந்த ஒரு வரிக்காகத்தான் கடிதமே. போன வாரம் நீ ஃபோனில் அனுப்பிய செய்தியை அம்மா எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். ஆப்ஸல்யூட்லி நல்லா இருக்கேன், வேலை ஸ்மூத்லி போகுது, புது வீட்ல கம்ப்ளீட்லி செட்டில் ஆயிட்டேன், சீரியஸ்லி கவலைப்படாதீங்க என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு, எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மகள் நன்றாக இருக்கிறேன் என்றால் எந்த அப்பனாவது சந்தேகப்படுவானா என்று கேட்பாய். அதற்கு என் ஆபீஸ் கதையைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் சர்வீஸ் பார்க்கிறேன். ரிப்போர்ட் என்றால் கயிறு பார்த்தேன், எண்ணெய் விட்டேன், கதவு சரி செய்தேன், கையெழுத்து, அவ்வளவுதான். இந்த வருஷம் எல்லார் கையிலும் ஆளுக்கொரு டேப்லெட்டைக் கொடுத்து, ரிப்போர்ட்டை இங்கிலீஷில் அதிலேதான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதில் என்ன செய்தீர்கள் என்று ஒரு கட்டம், எப்படிச் செய்தீர்கள் என்று இன்னொரு கட்டம். அந்த இரண்டாவது கட்டத்தை நிரப்பத் தெரியாத எங்களுக்கு வாரம் ஒரு நாள் மீட்டிங் ரூமில் அட்வெர்ப் வகுப்பு, அதாவது எப்படி என்று சொல்லும் வார்த்தைகளுக்கு. டீச்சருக்கு உன் வயசுதான் இருக்கும், நல்ல பெண். லிஃப்ட் குட்டாக ஓடுகிறது என்று எழுதக்கூடாது, வெல்லாக ஓடுகிறது என்று எழுத வேண்டும் என்றாள். நான் போல்ட்டை ஹார்ட்லி முறுக்கினேன் என்று எழுதிக் காட்டினேன், பலமாக என்று நினைத்துத்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சார், அப்படின்னா முறுக்கவே இல்லன்னு அர்த்தம், வெறும் ஹார்டுன்னு எழுதுங்க என்றாள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் இருக்கிறான், வேலைக்கு வரும்போதும் ஷூ பளபளக்கும், போகும்போதும் பளபளக்கும், அதனால் பாலிஷ் என்று பேர். அவன் மட்டும் அந்த ஹார்ட்லியை எழுதியிருந்தால் அவன் ரிப்போர்ட்டிலேயே அது ஒன்றுதான் நிஜமாக இருந்திருக்கும். அவன் தரோலி, கேர்ஃபுல்லி, மெட்டிகுலஸ்லி என்று டீச்சர் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் எழுதிச் சான்றிதழ் வாங்கினான். வரவேற்பறையில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

போன மாதம் அவன் பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு, அவன் லீவு என்று என்னை அனுப்பினார்கள். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நாலு விரல் தாண்டிப் போய் நின்றது. மொட்டை மாடி மோட்டார் ரூமுக்கு ஏறிப் பார்த்தால் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிகிறது. மூன்று மாதமாக பாலிஷ் அந்த பிரேக்கைத் தரோலி சோதித்ததாக ரிப்போர்ட் இருக்கிறது. நான் பவரை நிறுத்திவிட்டு, பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது, லிஃப்டை நிறுத்தினேன் என்று எழுதினேன். எப்படி நிறுத்தினேன் என்று எழுத எனக்குத் தோன்றவில்லை, கட்டம் காலி. ஏழாவது மாடியில் கண் டாக்டர், அவரிடம் வந்தவர்கள் எல்லாரும் படியேறிவிட்டுப் புகார் கொடுத்தார்கள். ரிப்போர்ட் முழுமையாக இல்லை, அதனால் நிறுத்தியதற்குப் போதிய காரணம் இல்லை என்று எனக்கு மெமோ. மறுநாள் பாலிஷே போய்ப் புதுக் கட்டை மாற்றி, ஸ்விஃப்ட்லி என்று எழுதிவிட்டான். டீச்சர் மட்டும் என்னிடம் தனியாக வந்து, உங்க வாக்கியத்துல ஒரு தப்பும் இல்ல சார் என்றாள். அவள் சொல் மேனேஜர் வரைக்கும் போகவில்லை.

இப்போது புரிகிறதா எனக்கு ஏன் சந்தேகம் வந்தது என்று? முன்பெல்லாம் நீ எழுதினால் பால் பொங்கி அடுப்பை அணைத்தது, தும்மித் தும்மியே மீட்டிங் நடத்தும் உன் மேலதிகாரி, பஸ்ஸில் குடையை விட்டது என்று வரும். அந்த மனுஷன் தும்மி மூன்று மாதமாகிறது. காலையில் பஸ் இரைச்சலோடு கூப்பிடுவாய், இப்போது உன் ஊர் நேரம் பகல் பதினோரு மணிக்கு, அதுவும் வேலை நாளில், பின்னால் ஒரு சத்தமும் இல்லாமல் கூப்பிடுகிறாய். சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடித்துப் பிழைத்தவன் நான், என் காதில் பூ சுற்றாதே. வேலை போய்விட்டதா? புது வீடு என்றது வாடகை கட்டுபடியாகாமல் மாறிய வீடா? எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை சின்னு, என்ன நடந்தது என்று எழுது.

உன்னை மட்டும் கேட்பது நியாயமில்லை, என் ரிப்போர்ட்டையும் எழுதிவிடுகிறேன். மெமோவோடு என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று வாரமாக போல்ட் நட்டு எடுத்துக் கொடுக்கிறேன். இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. அம்மாவிடம் இரண்டையும் சொல்லவில்லை. தினமும் காலையில் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் கிளம்புகிறேன், உள்ளே டிபன் டப்பாவைத் தவிர ஒன்றும் கிடையாது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதின பிறகு தேவலை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் மணியை அடித்தால்தான் நாங்கள் கதவைத் திறக்க வர முடியும், வெளியே நிற்கிறவனுக்கு எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நீ எந்த நிலைமையில் இருந்தாலும் என் ஆசீர்வாதம் அந்த நிலைமையிலேயே உனக்கு உண்டு, நன்றாக ஆன பிறகு வந்து வாங்கிக்கொள் என்று வைத்துக்கொள்ளவில்லை. வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அம்மா என் ஃபோனைப் பார்ப்பாள், அதனால் பதிலைத் தபாலில் ஆபீஸ் முகவரிக்குப் போடு. ஸ்டோர் பிரிவு என்று எழுது. சர்வீஸ் பிரிவு என்று எழுதினால் பாலிஷ் கைக்குப் போகும், அவன் கேர்ஃபுல்லி பிரித்துப் படித்துவிடுவான்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு. இதை ஸ்டோரில் உட்கார்ந்துதான் எழுதினேன். முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று டூல் பையைத் திறந்தால், டப்பாவுக்கு அடியில் முழங்காலுக்கு ஒரு தைலப் புட்டியும், ஸ்டூலில் போட்டுக்கொள்ள அம்மா தைத்த சின்ன மெத்தையும் இருக்கிறது. ஸ்டோரில் இரும்பு ஸ்டூல் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. உன் செய்தியை இரண்டு தரம் ஏன் வாசித்தாள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். பதிலை வீட்டுக்கே போடு.