நான் நோயாளியாக இருந்த வருஷம்

1982 ஆகஸ்ட் 11

சொக்கு இன்று இங்கே மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் சேர்ந்துவிட்டான். தஞ்சாவூரில் தட்டுத் தடுமாறித்தான் முதல் வருஷம் தேறினான். ஹாஸ்டல் சாப்பாடு, தனிமை, மஞ்சள் காமாலை. பிள்ளை ஒடிந்தே போயிருந்தான். இன்று கேட்டு வாங்கித் தோசை சாப்பிட்டான்.

இங்கே ஒரே ஓர் இடம்தான் காலி. பெற்றவர்களுக்குத் தீராத நோய் என்றால்தான் மாற்றம் தருவார்களாம். எனக்கு முதுகுத்தண்டில் நோய், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, ஒரே பிள்ளை பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று இவர் தெரிந்த டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி மனுப் போட்டார். அதைப் படித்துவிட்டுத்தான் நானும் கையெழுத்துப் போட்டேன். தெரியாமல் செய்தேன் என்று பிறகு நானே எழுதிவிடக் கூடாது.

செப்டம்பர் 3

மெட்ராஸ் ஹைகோர்ட்டிலிருந்து நோட்டீஸ். திருநெல்வேலியில் படிக்கும் அற்புதமேரி என்ற பெண் வழக்குப் போட்டிருக்கிறாள். அவளும் இந்த இடத்துக்கு மனுச் செய்தவள். தகப்பன் இல்லை. தாய் ஆரோக்கியம் விளாங்குடியில் பக்கவாதத்தில் கிடக்கிறாளாம். சொக்குவின் மாற்றத்தை ரத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

இவர் அசரவில்லை. “வக்கீல் பாத்துக்குவாரு. நீ மட்டும் வெளியே தலயக் காட்டாம இரு, விஜயம்.”

செப்டம்பர் 21

கோயிலுக்குப் போகவில்லை. தெருவில் யாராவது பார்த்துவிட்டால்? ஜன்னலைக்கூடச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 18

கொலு இல்லை. படுத்திருக்கிறவள் படி கட்டிப் பொம்மை வைப்பாளா? எதிர்வீட்டு நாகலக்ஷ்மி சுண்டல் கொண்டுவந்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டேன். காலைப் பிடித்துவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நவம்பர் 4

இரண்டு தாய்மார்களையும் டாக்டர்கள் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். இன்று என் முறை. டாக்ஸியிலிருந்து இவரும் சொக்குவும் தூக்கி சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சொக்கு என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

டாக்டர் பாதத்தில் ஊசியால் குத்தினார். “தெரியுதாம்மா?” தெரிந்தது. சுளீரென்று தெரிந்தது. “இல்லை” என்றேன். இன்னொரு இடத்தில் குத்தினார். “இல்லை.” பல்லைக்கூடக் கடிக்கவில்லை. இந்தச் சாமர்த்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது?

வெளியே வராண்டாவில் இன்னொரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் வாய் கோணியிருந்தது. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. குழறிக் குழறிக் கேட்டாள்: “ஒங்களுக்கும் கால் வராதாக்கா? பாத்துக்கிட ஆளிருக்கா?”

“மகன் இருக்கான்” என்றேன்.

“நல்லதுக்கா. எம் மக திருநவேலில படிக்கிறா. பக்கத்து வீட்டு மலையம்மா வந்து பொரட்டிப் போட்டாத்தான் உண்டு. ஒங்க பேரு என்ன? ஜெபத்துல சொல்லுதேன்.”

விஜயம் என்று சொன்னேன். அந்த ஒன்றுதான் இன்று நான் சொன்ன உண்மை.

நவம்பர் 5

ஊசி குத்தின இடம் தொட்டால் வலிக்கிறது. தொட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நவம்பர் 9

அறிக்கை நமக்குச் சாதகமாம், வக்கீல் சொன்னாராம். இவர் அல்வா வாங்கி வந்தார். நான் சொன்னேன்: “அந்தப் பொம்பளயப் பாத்தேங்க. வேணாம், விட்டுருவோம்.”

“பெத்த பிள்ளய விட அவ ஒசத்தியா ஒனக்கு?” என்று கத்தினார்.

சொக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அம்மா, நான் அங்க திரும்பிப் போனா செத்துப் போயிருவேம்மா.”

இதற்கு எந்தத் தாய் என்ன பதில் சொல்வாள்? ஆனால் அவளும் தாய்தானே. அவள் மகளும் பிள்ளைதானே. சொல்லுடி விஜயம்.

நவம்பர் 12

போய்விட்டேன். இவர் ஆபீஸ் போனதும் சிம்மக்கல்லில் டவுன் பஸ் ஏறி விளாங்குடியில் இறங்கினேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வழக்குக்காக ஊருக்கு வந்திருந்த அற்புதமேரிதான் கதவைத் திறந்தாள். மெலிந்த பெண், கையெல்லாம் சோப்பு நுரை.

“நான்தாம்மா சொக்கலிங்கத்தோட அம்மா.”

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

“நடந்தா வந்தீக?”

“ஆமாம்மா.”

“ஒங்க பேர அம்மா சொன்னதும் கேசுல உள்ள பேருன்னு நான்தான் சொன்னேன். அப்பறமும் தெனமும் ஒங்களுக்கு ஜெபம் பண்ணுது. அந்தக்கா பாவம்டி, நம்ம கேச விட்டுருவோமான்னு கூடக் கேட்டுச்சு.” உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்றேன். உள்ளேயிருந்து யாருடி அது என்று குழறல் கேட்டது. உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை.

அந்தப் பெண்ணோடு போய் அவள் வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பிரமாண வாக்குமூலம் கொடுத்தேன். இந்த முறையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்து.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சொக்கு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அடித்திருக்கலாம்.

டிசம்பர் 17

தீர்ப்பு. சொக்குவின் மாற்றம் ரத்து. இடம் அற்புதமேரிக்கு. சர்டிபிகேட் கொடுத்த டாக்டர் மேல் விசாரணை, இவருக்கு ஆபீசில் மெமோ. இங்கே படித்தது கணக்கில் வராதாம். சொக்குவுக்கு ஒரு வருஷம் போயிற்று.

டிசம்பர் 20

சொக்கு தஞ்சாவூர் போய்விட்டான். கட்டிக் கொடுத்த புளியோதரையை எடுத்துப் போகவில்லை. செத்துப் போயிருவேன் என்று சொன்ன பிள்ளை. தெரிந்துதானே அனுப்பினேன்?

1983 ஜனவரி 14

பொங்கலுக்கும் வரவில்லை. இவர் என்னோடு பேசி மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 19

காலையில் கார்டு வந்தது, இவர் பேருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார். நான் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசற்படியில் வந்து நின்றார்.

“சொக்கு எழுதியிருக்கான். பரீட்சைக்குப் படிக்கிறானாம். அம்மாவுக்கு ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டிருக்கான்.”

குத்தலாகக் கேட்கிறானா, நிஜமாகவே கேட்கிறானா? இவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

“என்னன்னு எழுத?” என்றார்.

“நல்லா இருக்கேன்னு எழுதுங்க” என்றேன்.