சில்சாருக்கு ஒரு சிமென்ட் துண்டு

டாலிகஞ்ச், கல்கத்தா
19 மார்ச் 2006

அன்புள்ள உங்களுக்கு நாகலக்ஷ்மி அநேக நமஸ்காரம்.

இங்கே நானும் அக்ஷராவும் சௌக்கியம். சில்சாரில் உங்கள் இருமலும் பாங்க் ஆடிட்டும் ஒரு வழியாக முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வந்திருக்கும். மேலே பருப்புப் பொடி, அதன் கீழே நாரத்தங்காய் ஊறுகாய். ஆபீஸ் பியூனுக்கும் கொஞ்சம் கொடுங்கள், போன தடவை கேட்டானாம். அடியில் பழைய வேஷ்டித் துணியில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன். அதை மட்டும் கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு பிரியுங்கள். முப்பது வருஷத்தில் நான் உங்களிடம் இப்படி எதுவும் கேட்டதில்லை.

நேற்று சாயங்காலம் முழுக்க மின்சாரம் இல்லை. மாடி வீட்டு மித்ரா பௌதி இன்னும் ஒரு வாரத்துக்கு லோட்ஷெடிங் இப்படித்தான் என்கிறாள். மார்ச்சிலேயே இந்தப் புழுக்கம். தண்ணீர் மட்டும் ஒழுங்காக வருகிறது.

இனி கம்ப்யூட்டர் விஷயம். போனில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் "ம்" என்று மட்டும் சொன்னது உங்களுக்கு வினோதமாக இருந்திருக்கும். பில் ஏறுகிறதே என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதற்காக இல்லை. வாயைத் திறந்திருந்தால் பக்கத்து அறையில் இருந்த அக்ஷராவுக்குக் கேட்டிருக்கும்.

நம் அக்ஷரா காலேஜ் இரண்டாம் வருஷத்தில் முதல் வகுப்பு வாங்கினால் விளையாட்டுக்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக என் அண்ணா எதிரிலும் மன்னி எதிரிலும் சொன்னது நீங்கள். எங்கே வாங்கப்போகிறாள் என்ற தைரியத்தில் சொன்னீர்கள். அவள் வாங்கினாள். போன பூஜைக்கு முன்னால் லீவில் வந்தபோது வாக்கைக் காப்பாற்றினீர்கள். உங்கள் வழக்கப்படி பழைய டெபாசிட் ஸ்லிப்பின் பின்பக்கத்தில், பச்சை மையில், ஒன்று இரண்டு என்று எண் போட்டு எழுதினீர்கள். பிராசஸர், மதர்போர்டு, ஒரு ஜி.பி. ராம், கிராபிக்ஸ் கார்டு, கடைசியாக எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, நானூற்றைம்பது வாட் எஸ்.எம்.பி.எஸ்., "நல்ல கம்பெனி" என்று அடிக்கோடு வேறு. அந்தச் சீட்டை அவள் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறாள்.

சாந்தினி மார்க்கெட்டில் நாலு கடை ஏறி இறங்கலாம் என்று அவள் சொன்னாள். வேண்டாம், நம்ம ராகவேந்திரன் அங்கேயே கடை வைத்திருக்கிறான், பெங்காலிக் கடையில் ஏமாற்றிவிடுவான்கள், நம்மவாளிடம் வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றீர்கள். நானும் தலையாட்டினேன். லேக் மார்க்கெட் பஜனை சமாஜத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜால்ரா தட்டுகிறவர் நமக்குக் கெடுதல் செய்வாரா என்றுதான் எனக்கும் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினோம்.

நல்ல எஸ்.எம்.பி.எஸ். கனமாக இருக்கும், மட்டமானது டப்பா மாதிரி லேசாக இருக்கும் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். ராகவேந்திரன் அதைக் கையில் கொடுத்ததும் இரண்டு கையிலும் வாங்கித் தூக்கிப் பார்த்து, அம்மா, நல்ல கனம், அப்பா சொன்ன மாதிரியே இருக்கு என்று அவள் சிரித்த சிரிப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அப்போது தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வருகிறது.

பிப்ரவரி ஐந்தாம் தேதி நடந்ததை நீங்கள் போனில் பாதிதான் கேட்டீர்கள். மீதியையும் கேளுங்கள். ஜாதவ்பூரில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி. ஒரு அணிக்கு ஐந்து பேர், அவரவர் மெஷினை அவரவரே தூக்கி வர வேண்டும். அவள் அணியில் நாலு பையன்கள், இவள் ஒருத்தி. ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். எனக்கு அந்த விளையாட்டு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இவள் பெயரைச் சொல்லி முன்பின் தெரியாத பிள்ளைகள் எல்லாம் கத்தினது புரிந்தது. கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். அது ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் இவள் மெஷினிலிருந்து பட்டென்று ஒரு சத்தம், மீன் கருகினாற்போல ஒரு நாற்றம், புகை. நாலு பேராக ஆடித் தோற்றார்கள். பொண்ணைச் சேர்த்தா இப்படித்தான் என்று பின்னாலிருந்து ஒருவன் பெங்காலியில் சொன்னான். உங்கள் பெண் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

அதோடு போகவில்லை. எஸ்.எம்.பி.எஸ். தான் மட்டும் சாகாமல் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த டிஸ்கில்தான் அவள் காலேஜ் பிராஜெக்ட், நாலு மாத உழைப்பு. தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று மறுநாளே அணியிலிருந்து விலகிவிட்டாள்.

போட்டி நடந்த அன்று ராத்திரி நீங்கள் போன் செய்தீர்கள். விளையாட்டுக்கெல்லாம் மெஷின் தாங்காது என்று அப்போதே சொன்னேனே என்றீர்கள். அவள் அழுதுகொண்டே, சாரிப்பா, நீங்க பார்த்துப் பார்த்து வாங்கிக் குடுத்ததை நான் கெடுத்துட்டேன் என்றாள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் பிறகு அவளிடம் கேட்டேன். "பரவாயில்லைன்னு சொன்னார்ம்மா, அப்பாவுக்குக் கோபமே இல்லை" என்றாள்.

அந்தப் பரவாயில்லைதான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

மெட்ரோ ஸ்டேஷனுக்கு எதிரே ரிப்பேர்க் கடை வைத்திருக்கிற நரேன்தாவிடம் மெஷினைக் கொண்டுபோனேன். அக்ஷரா வரவில்லை, அதன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றாள். நரேன்தா எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றிக் காதருகே ஆட்டினார். நாலு ஸ்குரூவைத் திருகித் திறந்தார். பெரிய மனுஷர், சிரிக்கக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, பௌதி, இது இருநூறு வாட்கூடத் தாங்காத சரக்கு, மேலே ஸ்டிக்கர் மட்டும் நானூற்றைம்பது என்றார். பிறகு உள்ளே மூலையில் ஒட்டியிருந்ததை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்து என் கையில் வைத்தார். சிமென்ட். துணி சோப்புக் கட்டி அளவுக்கு வார்த்து ஒட்டிய சிமென்ட். உங்கள் பெண் தூக்கிப் பார்த்துச் சிரித்த கனம் அதுதான்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுதுவது? ஒரு மாதம் பொறுத்தேன். ராகவேந்திரன் கடையில் போய்க் கத்தினால் சாந்தினிக்குத் தெரியும், நம்மவாளுக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை சமாஜத்தில் சகஸ்ரநாமம் முடிந்து புளியோதரை விநியோகம் ஆகிற சமயம் பார்த்துப் போனேன். பிரசாத மேஜையில், அண்டாவுக்குப் பக்கத்தில், ஒரு வாழையிலையைப் போட்டு அதன் நடுவில் சிமென்ட் துண்டை வைத்தேன். காரியதரிசி சுப்புலக்ஷ்மி மாமி இது என்ன நைவேத்யம் என்று கேட்டாள். ராகவேந்திரன் கம்ப்யூட்டருக்குள் வைத்து விற்கிற நைவேத்யம், எல்லோரும் கையில் எடுத்துக் கனம் பாருங்கள் என்றேன். ஒருத்தர் விடாமல் எடுத்துப் பார்த்தார்கள். ராகவேந்திரன் முகம் சாம்பல் பூத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்று புளியோதரை மிகவும் ருசித்தது.

அத்தோடு தீர்ந்தது என்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் பின்னாலேயே ஓடி வந்தார். மாமி, சிமென்ட் வச்ச சரக்கைக் குடுத்தது நான்தான், குழந்தை கனம் பார்க்கறாளேன்னு அதாப் பார்த்து எடுத்துப் போட்டேன், தப்புதான், ஆனா மட்டமானதாப் போடச் சொன்னது நான் இல்லை, உங்காத்துக்காரர் என்றார். பொய் சொல்லாதீர்கள் என்று கையை ஓங்கிவிட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். என்றைக்காவது நான் கேட்பேன் என்று அன்றுமுதல் வைத்திருந்தாராம்.

இன்னொரு டெபாசிட் ஸ்லிப். அதே பச்சை மை. எண் போட்டு.

"5. எஸ்.எம்.பி.எஸ். சுமாரானது போதும். படிப்புக்கு ஓட வேண்டும், விளையாட்டுக்குத் தாங்கக் கூடாது. ஆறு மாதத்தில் அவளுக்கே அலுத்துவிடும். வீட்டில் தெரிய வேண்டாம்."

வேறு யாராக இருந்தாலும் வாயால் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். முப்பது வருஷம் பாங்கில் இருந்த கை, எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். அங்கேயே செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? வாக்கும் தப்பக்கூடாது, பெண்ணும் பாங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பாள், மூன்றாம் நாள் சாப்பிட்டிருப்பாள். நீங்கள் பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினீர்கள். கிள்ளினதுகூடப் பெரிதில்லை. கிள்ளு வாங்கின குழந்தை உங்களிடம் மன்னிப்புக் கேட்டபோது பெரிய மனசு பண்ணி மன்னித்தீர்களே, அதை நான் எந்த ஜன்மத்திலும் மறக்க மாட்டேன்.

புது மெஷின் வாங்கியாகிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே நீங்கள் கித்தான் போட்டு மூடி, லீவில் வரும்போதெல்லாம் துடைத்துத் துடைத்து வைக்கிற ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். வாங்கினவன் இப்போதே அதில் மீன் கூடை கட்டிக்கொண்டு போகிறான், தினமும் நம் ஜன்னல் வழியாகத்தான். இந்தத் தடவை சாந்தினியில் ஒரு முழு நாள் சுற்றினோம். முதலில் எஸ்.எம்.பி.எஸ்., அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என்று நரேன்தா சொல்லி அனுப்பியிருந்தார். மேலே போட்டிருக்கிற வாட்டை நம்பாதே, பன்னிரண்டு வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர் என்று பார், காற்றுப் போகிற ஜாலி வழியே டார்ச் அடித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார் என்றார். நான் டார்ச் அடித்தேன், அவள் குனிந்து பார்த்தாள். ஐந்தாவது கடையில் ஒரு வயசான பெங்காலிக்காரர் தானே முன்வந்து ஒரு மாதிரியைத் திறந்து காட்டி, பார்த்துவிட்டு வாங்கு மா என்றார். அவரிடம்தான் வாங்கினோம். மே மாதம் அடுத்த போட்டி. அந்த நாலு பையன்களும் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். இவள் இன்னும் சரியென்று சொல்லவில்லை. மெஷின் இருக்கிறது, தைரியம்தான் இல்லை. நான் எதை அழுத்தினாலும் கெட்டுப்போகும்மா என்கிறாள்.

சீட்டைப் பற்றி அவளுக்கு நான் சொல்லவில்லை. சிமென்ட்டைப் பற்றியும் சொல்லவில்லை, சரக்கு மட்டமானது என்று மட்டும் சொன்னேன். எஸ்.எம்.பி.எஸ். மட்டமானதென்று அப்பாவிடம் சொல்லிவிடாதே, பாவம், மனசு கஷ்டப்படுவார் என்று எனக்கே சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

ஆகையால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். போனில் இல்லை, கடிதத்தில் இல்லை. வருஷப் பிறப்புக்கு லீவில் வருவதாக எழுதியிருந்தீர்கள். வரும்போது அந்த வேஷ்டித் துணியில் இருப்பதையும் கொண்டுவாருங்கள். பாயசம் பரிமாறுவதற்கு முன்னால் அதை அவள் கையில் வைத்து, ஐந்தாம் நம்பர் வரியை உங்கள் வாயாலேயே படித்துக் காட்டுங்கள். சீட்டின் ஜெராக்ஸ் இத்துடன் இருக்கிறது, அசல் என் அஞ்சறைப் பெட்டியில். அது இல்லாமல் வருவதாக இருந்தால் ஹௌராவில் இறங்கி அப்படியே திரும்பிவிடுங்கள். உப்பைத் தின்றவர் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

அவள் உங்களைத் திட்டுவாள் என்று பயப்பட வேண்டாம். கத்த மாட்டாள், கதவைச் சாத்திக்கொள்ள மாட்டாள். என் பெண்ணை எனக்குத் தெரியும். அந்தத் துண்டை இரண்டு கையிலும் தூக்கிக் கனம் பார்த்துவிட்டு, பரவாயில்லைப்பா என்பாள்.

அதை நீங்கள் காது குளிரக் கேட்க வேண்டும். அதற்காகவே உங்களுக்கு ஒரு குறையும் வராமல், நல்ல காதோடும் நல்ல ஞாபகத்தோடும் நூறு வயசு இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

இருமலுக்கு மிளகுக் கஷாயம் போட்டுக் குடியுங்கள். இப்போது துணியைப் பிரிக்கலாம்.

உங்கள்
நாகலக்ஷ்மி